குளிர்ந்த நீருக்கு அடியில் ஒளிந்த சூடு: ஸ்நேக் ஆற்றுச் சமவெளியின் நிலத்தடி நீர் சொன்னது

2010-க்கும் 2012-க்கும் இடையே, அமெரிக்காவின் தெற்கு இடாஹோவில் 'ஹாட்ஸ்பாட்' என்ற அறிவியல் திட்டத்துக்காக மூன்று ஆழ்துளைகள் போட்டார்கள். அதில் ஒன்று கிமாமா என்ற இடத்தில், 1,912 மீட்டர் ஆழம். அந்தத் துளைக்குள் வெப்பமானியை இறக்கியபோது, மேலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வரை வெப்பநிலை அசையவே இல்லை. 20 டிகிரியைக்கூட எட்டாத குளிர்ந்த நீர். பொதுவாகப் பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் 25 முதல் 30 டிகிரி கூடும். இங்கே அதுகூடக் கூடவில்லை. சுமார் 960 மீட்டரைத் தாண்டியதும் நிலைமை தலைகீழானது. வெப்பநிலை சாதாரண நிலத்தைவிட இரு மடங்குக்கும் மேலான வேகத்தில் ஏறத் தொடங்கியது.

மேலே உட்கார்ந்திருக்கும் குளிர்நீர், கீழிருந்து வரும் சூட்டை வாரிக்கொண்டு போய்விடுகிறது. தரைமட்டத்தில் நின்று பார்ப்பவருக்கு அங்கே புவிவெப்பம் இருப்பதற்கான தடயமே தெரியாது. வெந்நீர் ஊற்று இல்லை, நீராவி இல்லை, மேலோட்டமான துளைகளில் சூடும் இல்லை. ஆனால் இந்தச் சமவெளி, இன்று யெல்லோஸ்டோனுக்குக் கீழே இருக்கும் எரிமலை வெப்ப மையம் கடந்து வந்த பாதை. வட அமெரிக்கத் தட்டு அந்த மையத்தின் மேல் தென்மேற்காக நகர்ந்தபோது வெடித்த பெருவாய்கள், சிலிக்கா மிகுந்த ரயோலைட் என்ற எரிமலைப் பாறையோடு அடியில் புதைந்திருக்கின்றன. அவற்றின் மேல், இறுகிக் கருநிறப் பசால்ட் பாறையாகும் குழம்பு அடுக்கடுக்காகப் பரவியது. கிரேட்டர்ஸ் ஆஃப் த மூன் பகுதியில் கடைசியாகக் குழம்பு வழிந்து சுமார் 2,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. சூடு இல்லாமல் இருக்க வாய்ப்பே இல்லாத இடம். சூடான நீர் எங்கே, எவ்வளவு சூட்டில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

ஆழ்துளை போடுவது பெரும் செலவு. அதற்கு முன் மலிவாகக் கிடைக்கும் சான்று ஒன்று உண்டு: ஏற்கெனவே இருக்கும் பாசனக் கிணறுகளிலும் ஊற்றுகளிலும் கிடைக்கும் நீர். அதில் கரைந்திருக்கும் உப்புகளைக் கொண்டு கீழே இருப்பதைக் கணிக்க முடியுமா, எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை இந்தச் சமவெளியை வைத்துப் பார்ப்போம்.

வேதி வெப்பமானி எப்படி வேலை செய்கிறது

ஆழத்தில் சூடான பாறையோடு நீண்ட காலம் தங்கிய நீர், அந்தச் சூட்டுக்கு ஏற்ற அளவில் கனிமங்களைக் கரைத்துச் சமநிலைக்கு வருகிறது. மேலே ஏறும்போது நீர் சீக்கிரம் குளிர்ந்துவிடும். கரைந்தவை அவ்வளவு சீக்கிரம் படியாது. அதனால் நீர் 40 டிகிரியில் வெளியே வந்தாலும், 160 டிகிரியில் கரைத்துக்கொண்ட சிலிக்காவை (மணலிலும் குவார்ட்ஸ் கனிமத்திலும் இருக்கும் பொருள்) சுமந்தே வருகிறது. 1960-களில் புவி வேதியியலாளர்களான ஃபோர்னியரும் ரோவும் சிலிக்காவைக் கொண்டு இதைக் கணக்கிடக் காட்டினார்கள். 1973-இல் ஃபோர்னியரும் ட்ரூஸ்டெல்லும் சோடியம், பொட்டாசியம், கால்சியம் மூன்றையும் வைத்து இன்னொரு வெப்பமானியைத் தந்தார்கள். 1988-இல் கிகன்பாக் பொட்டாசியம்–மெக்னீசியம் கணக்கைச் சேர்த்தார்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் ஒரே எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். ஒரு கிணற்று நீரில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் சிலிக்கா என்று வைத்துக்கொள்வோம். அது குவார்ட்ஸோடு சமநிலையில் இருந்தது என்றால் ஆழத்து வெப்பநிலை 137 டிகிரி. குவார்ட்ஸின் நுண்மணி வடிவமான கால்சிடனியோடு என்றால் 110 டிகிரி. படிக அமைப்பே இல்லாத சிலிக்காவோடு என்றால் 17 டிகிரி! அதாவது அந்த நீர் ஆழத்துக்கே போகாமல், சாதாரணக் குளிர்ச்சியிலேயே அத்தனை சிலிக்காவையும் எடுத்திருக்கலாம். ரயோலைட் சாம்பலும் எரிமலைக் கண்ணாடியும் நிறைந்த இந்த மண்ணில் அது வெறும் சாத்தியம் என்று ஒதுக்க முடியாத ஒன்று. சிலிக்கா கூடுதலாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக இங்கே ஒரு இடத்தைச் சூடான இடம் என்று குறிப்பது தவறு.

எதை எடுக்கிறோம், எப்படி எடுக்கிறோம்

இந்தப் பகுதியில் சற்று நிற்க வேண்டும். பின்னால் வரும் எல்லாக் கணக்கும் சாம்பிள் எடுத்த அரை மணி நேரத்தில்தான் பிழைக்கிறது அல்லது கெடுகிறது.

வெப்பநிலை, அமில-கார அளவு (pH), காரத்தன்மை மூன்றையும் கிணற்றடியிலேயே அளக்க வேண்டும். பாட்டிலில் அடைத்து ஆய்வகத்துக்குப் போவதற்குள் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும், அமில-கார அளவு மாறும், கால்சைட் (கால்சியம் கார்பனேட் கனிமம்) படியும். அப்புறம் கால்சியம் எண்ணை நம்ப முடியாது. நீரை 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, உலோக அயனிகளுக்கான பாட்டிலில் நைட்ரிக் அமிலம் சேர்த்து அமில-கார அளவை 2-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். நீர் சூடாகவும் சிலிக்கா அதிகமாகவும் இருந்தால், அங்கேயே தூய நீர் கலந்து நீர்க்கச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் குளிரும்போது சிலிக்கா ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, அளவீட்டில் குறைவாகத் தெரியும்.

மெக்னீசியத்துக்குத் தனிக் கவனம் தேவை. உண்மையான சூடான நீரில் அது லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கும் கீழே இருக்கும். குடிநீர்ச் சோதனைக்கு வரும் சாம்பிளைப்போல அதை நடத்தும் ஆய்வகம் 'ஒன்றுக்குக் குறைவு' என்று எழுதிக் கொடுத்துவிடும். அந்த வரி நமக்கு ஒன்றுக்கும் உதவாது. எவ்வளவு நுட்பமாக அளப்பார்கள் என்பதை முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. முடிவு வந்ததும் நேர், எதிர் மின்னூட்டங்களைக் கூட்டிப் பார்க்க வேண்டும். 5 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்த சாம்பிளைக் கணக்கில் சேர்க்காமல், மறுபடி எடுப்பதே சரி.

பாசனக் கிணற்றில் இன்னொரு சிக்கல் உண்டு. பம்பு ஒரே அடுக்கிலிருந்து நீரை இழுப்பதில்லை. பல மட்டங்களிலிருந்து வரும் நீர் குழாயிலேயே கலக்கிறது. நைட்ரேட் தென்பட்டால், வயலில் பாய்ந்த நீர் உள்ளே வந்திருக்கிறது என்று பொருள். ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவமான டிரிடியம் தென்பட்டால், 1950-களின் அணுகுண்டுச் சோதனைகளுக்குப் பிறகு மழையாகவோ பனியாகவோ விழுந்த நீர் கலந்திருக்கிறது. ஆழத்தில் பல்லாயிரம் ஆண்டு தங்கிய நீரில் இரண்டுமே இருக்க வழியில்லை.

சமவெளியின் இரு நீர்கள்

கிழக்குச் சமவெளியின் மேல் நீர், கால்சியம்–மெக்னீசியம் பைகார்பனேட் வகை. பசால்ட் வெடிப்புகளின் ஊடாக வேகமாக ஓடி, ஹாகர்மன் அருகே ஆயிரம் ஊற்றுகள் என்று பெயர்பெற்ற இடத்தில் ஆற்றங்கரைச் சுவரிலிருந்து பீறிடும் நீர் இதுதான். ஆழத்து நீர் வேறு வகை. இடாஹோ தேசிய ஆய்வகத்தின் நிலத்தில் 1979-இல் முடித்த ஐஎன்இஎல்-1 என்ற துளை 3,159 மீட்டர் இறங்கியது. அதன் ஆழத்தில் கிடைத்தது சோடியம் பைகார்பனேட் நீர். சூடான நீர் பாறையோடு வினை புரியும்போது மெக்னீசியத்தைக் களிமண் கனிமங்களுக்கும் கால்சியத்தைக் கால்சைட்டுக்கும் விட்டுக்கொடுத்து, சோடியத்தை எடுத்துக்கொள்கிறது. கால்சியமும் ஃப்ளோரினும் சேர்ந்த ஃப்ளோரைட் கனிமம், கால்சியம் குறைந்த நீரில் சீக்கிரம் படியாது. அதனால் ரயோலைட்டிலும் கிரானைட்டிலும் இருக்கும் ஃப்ளோரைடு நீரில் தங்கிவிடுகிறது.

உலகின் பல புவிவெப்பக் களங்களில் குளோரைடைத்தான் முதலில் தேடுவார்கள். இடாஹோவின் வெந்நீரில் குளோரைடு பெரும்பாலும் குறைவு. வேறு களத்துக்கு எழுதிய விதியை அப்படியே கொண்டுவந்து வைத்தால், 'குளோரைடு இல்லை, எனவே சூடில்லை' என்று பிழையாக எழுத நேரும். இங்கே சோடியமும் ஃப்ளோரைடும் சேர்ந்து கூடி, மெக்னீசியம் இறங்குவதைத்தான் கவனிக்க வேண்டும்.

கலந்த நீரைப் பிரித்தெடுப்பது

கிணற்றில் கிடைப்பது இந்த இரண்டின் கலவை. கலவை எப்படி ஏமாற்றும் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால்தான் புரியும். கீழே வருபவை எந்தக் கிணற்றின் அளவீடும் அல்ல. விடை முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக நானே அமைத்துக்கொண்ட எண்கள்.

ஆழத்தில் 160 டிகிரி நீர். லிட்டருக்கு சிலிக்கா 147 மில்லிகிராம், சோடியம் 318, பொட்டாசியம் 15, மெக்னீசியம் 0.03. மேலே 12 டிகிரி குளிர்நீர். அதில் சிலிக்கா 30, சோடியம் 20, பொட்டாசியம் 4, மெக்னீசியம் 15. ஐந்தில் ஒரு பங்கு சூடான நீரும் நான்கு பங்கு குளிர்நீரும் கலந்தால் கிணற்றில் வருவது சுமார் 42 டிகிரி நீர். சிலிக்கா 53.4, சோடியம் 79.6, பொட்டாசியம் 6.2, மெக்னீசியம் 12.

இப்போது வெப்பமானிகளைக் கேட்போம். குவார்ட்ஸ் கணக்கு 105 டிகிரி என்கிறது. கால்சிடனி 75. பொட்டாசியம்–மெக்னீசியம் 54. ஃபோர்னியரின் சோடியம்–பொட்டாசியம் கணக்கு 197. உண்மை 160. நான்கில் ஒன்றுகூட அருகில் இல்லை. நான்கின் சராசரி 108, அதுவும் இல்லை. பல அறிக்கைகளில் இந்த இடத்தில் சராசரி எடுத்துவிடுகிறார்கள், அல்லது விருப்பமான எண்ணைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்கள். இரண்டுமே எனக்கு வருத்தம் தரும் பழக்கங்கள். ஏனென்றால், வெப்பமானிகள் முரண்படும் விதத்திலேயே விடை இருக்கிறது. குளிர்நீர் கலந்தால் சிலிக்கா நீர்த்துப்போகும், அதனால் அந்தக் கணக்கு கீழே இறங்கும். மெக்னீசியம் புகுந்தால் பொட்டாசியம்–மெக்னீசியம் கணக்கு அதலபாதாளத்துக்குப் போகும். குளிர்நீரில் சோடியத்தோடு ஒப்பிடப் பொட்டாசியம் கூடுதல் என்பதால் சோடியம்–பொட்டாசியம் கணக்கு மேலே ஏறும். இந்த வரிசையைக் கண்டாலே கலப்பு என்று சொல்லிவிடலாம்.

அடுத்த படி, குளிர்நீரைக் கழிப்பது. சூடான பங்கு 30 சதவீதம் என்று எடுத்துக்கொண்டு திருப்பிக் கணக்கிட்டால், ஆழத்து நீருக்குக் குவார்ட்ஸ் 142 டிகிரியும் சோடியம்–பொட்டாசியம் 166 டிகிரியும் காட்டுகின்றன. 10 சதவீதம் என்று எடுத்தால் 200-ம் 153-ம். இரண்டும் இடம் மாறிவிட்டன. நடுவில் எங்கோ சந்திக்க வேண்டும். 20 சதவீதத்தில் இரண்டும் 160-இல் சந்திக்கின்றன.

குவார்ட்ஸுக்குப் பதில் கால்சிடனிதான் அங்கே இருக்கும் கனிமம் என்று வைத்தால்? இரண்டு கணக்குகளையும் கலப்பு விகிதத்துக்கு எதிரே கோடுகளாக வரைந்தால், அவை 15 சதவீதத்தை ஒட்டி, 155 டிகிரிக்கு அருகில் சந்திக்கின்றன. கலப்பு விகிதம் கணிசமாக மாறியது, வெப்பநிலை சில டிகிரிதான் மாறியது. தேவையான எண்ணில் ஆட்டம் குறைவு என்பது நல்ல செய்தி. மெக்னீசியம் இன்னும் ஒரு பிடி தருகிறது. 15 சதவீதம் சரி என்றால் ஆழத்து நீரின் மெக்னீசியம் பூஜ்யத்துக்கும் கீழே போகிறது. 30 சதவீதம் சரி என்றால் அது லிட்டருக்கு 5 மில்லிகிராம் வருகிறது. அவ்வளவு மெக்னீசியத்தை அந்தச் சூட்டில் பாறை விட்டுவைக்காது. இரண்டும் விலக்கப்பட, 20 சதவீதமே நிற்கிறது. ஆனால் கவனியுங்கள்: குளிர்நீரின் மெக்னீசியத்தை 15-க்குப் பதில் 14 என்று அளந்திருந்தால் இந்த வாதம் ஆட்டம் காணும். சூடான கிணற்றுக்குக் காட்டும் அதே அக்கறையைப் பக்கத்துக் குளிர்ந்த கிணறுகளுக்கும் காட்ட வேண்டும் என்பது இதனால்தான்.

இரண்டு கோடுகளுக்குப் பதில் பத்துக் கனிமங்களின் கோடுகளை வரைந்து, எல்லாம் ஒரே வெப்பநிலையில் குவிகின்றனவா என்று பார்ப்பதுதான் பல்கனிம வெப்பமானி. 1984-இல் ரீடும் ஸ்பைகரும் இதற்கு அடித்தளம் போட்டார்கள். கலப்பு விகிதத்தையும் வெளியேறிய கார்பன் டை ஆக்சைடையும் மாற்றி மாற்றி, கோடுகள் மிக நெருக்கமாகக் குவியும் நிலையைக் கணினி தேடும். இடாஹோ தேசிய ஆய்வகமும் இடாஹோ பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கிய ஆர்டிஎஸ்ட் என்ற மென்பொருள் இந்த வேலையைச் செய்கிறது. அதைச் சோதித்த முக்கியக் களமே இந்தச் சமவெளி. எந்தக் கனிமங்களைப் பட்டியலில் சேர்ப்பது என்று மென்பொருள் தானாக முடிவு செய்யாது. அந்தப் பாறையில் உண்மையில் உருவாகும் கனிமங்களைத் தெரிந்தவர்தான் கொடுக்க வேண்டும். இல்லாத கனிமத்தைக் கொடுத்தாலும் அது ஒரு எண்ணைத் தந்துவிடும்.

வாயுவும் ஐசோடோப்பும்

கரைந்த உப்புகள் வெப்பநிலையைச் சொல்கின்றன. சூட்டின் மூலத்தைச் சொல்ல ஹீலியம் வேண்டும். ஹீலியம்-3-க்கும் ஹீலியம்-4-க்கும் இடையிலான விகிதம் காற்றில் ஒரு அளவு. நிலமேலோட்டுப் பாறையில் யுரேனியமும் தோரியமும் சிதைந்து உண்டாக்கும் ஹீலியத்தில் அது காற்றினதில் ஐம்பதில் ஒரு பங்கு. கடலடி மலைத்தொடர்களில், மேலோட்டுக்கு அடியிலுள்ள மூடகம் என்ற பாறை அடுக்கிலிருந்து மேலெழும் ஹீலியத்தில் காற்றைப்போல எட்டு மடங்கு. பழைய நிலத்தடி நீரில் சாதாரணமாக மேலோட்டின் ஹீலியம் சேர்ந்து விகிதம் ஒன்றுக்குக் கீழே போகும். ஸ்நேக் ஆற்றுச் சமவெளியின் சில வெந்நீர்களில், குறிப்பாக வட ஓரத்துக் காமஸ் புல்வெளிப் பகுதியில், அது காற்றின் அளவைத் தாண்டியது. அங்கே மூடகத்திலிருந்து வாயு மேலே வரப் பாதை இருக்கிறது. வாயு வர வழி இருக்கும் விரிசலில் நீரும் வரலாம். உப்புக் கணக்கு மட்டும் இருந்தால் இந்தச் சான்று கிடைத்திருக்காது.

ஆக்சிஜன், ஹைட்ரஜன் ஐசோடோப்புகள் நீர் எங்கே மழையாகவோ பனியாகவோ விழுந்தது என்பதைக் காட்டுகின்றன. இடாஹோவின் பல வெந்நீர்களில் கன ஹைட்ரஜன் இன்றைய உள்ளூர்க் குளிர்நீரைவிடக் குறைவு. உயரமான மலையில் விழுந்திருக்கலாம், அல்லது இன்றைவிடக் குளிராக இருந்த பனியுகக் காலத்தில் விழுந்திருக்கலாம். இரண்டாவது உண்மையானால், இன்று எடுக்கும் நீருக்கு ஈடாகப் புது நீர் அதே வேகத்தில் வந்து சேரும் என்று எண்ணக் கூடாது. பயன்படுத்திய நீரைத் திரும்ப உள்ளே செலுத்தும் திட்டம் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும்.

துளை சொன்ன பதில்

இனி, துளை போட்டுப் பார்த்த இடங்களுக்கு வருவோம். சமவெளியின் தென் ஓரத்தில் ராஃப்ட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் பாசனத்துக்காகப் போட்ட கிணறுகளில் கொதிநிலையை ஒட்டிய நீர் வந்தது. 1970-களில் அந்த நீரின் வேதியியல், ஆழத்தில் சுமார் 150 டிகிரி என்று காட்டியது. 1975-இல் முதல் ஆழத் துளை சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் இறங்கி, கிட்டத்தட்ட அந்தச் சூட்டிலேயே நீரைக் கண்டது. 1980-களின் தொடக்கத்தில் 5 மெகாவாட் சோதனை நிலையம் சிறிது காலம் ஓடியது. 2008-இல் வணிக உற்பத்தி தொடங்கியது. வேதியியல் தெளிவாக வென்ற இடம் இது. அங்கேயும் ஒரு திருப்பம் இருக்கிறது. களத்தின் ஒரு பகுதிக் கிணறுகளின் உப்புச் செறிவு மறு பகுதியினதைவிட வெகுவாக வேறுபடுகிறது. எல்லாம் ஒரே தொட்டி அல்ல. வெப்பநிலை ஒன்றாக இருந்தாலும் நீரோட்டப் பாதைகள் வேறு என்பதை, எந்தக் கிணற்றில் எடுப்பது, எதில் திரும்பச் செலுத்துவது என்று முடிவு செய்யும்போது மறக்கக் கூடாது.

ஐஎன்இஎல்-1 மறுபக்கம். அடியில் ஏறத்தாழ 150 டிகிரி. நிலையம் வைக்கப் போதுமான சூடு. ஆனால் நீர் போதுமான அளவு வரவில்லை. ஆழத்தில் பாறையின் துளைகளையும் வெடிப்புகளையும் படிந்த கனிமங்கள் அடைத்துவிட்டன. மேல் நீர்த்தாங்கியோடு ஒப்பிட்டால் நீர் ஊடுருவும் திறன் பல மடங்கு குறைவு. வேதி வெப்பமானிகள் ஒன்றுகூட இதைச் சொல்லியிருக்காது. பாறையோடு நீண்ட காலம் அசையாமல் தங்கிய நீரில்தான் சமநிலை மிக அழகாக அமையும். அதாவது, கோடுகள் பிசிறில்லாமல் குவியும் சாம்பிள் தேங்கிய நீராகவும் இருக்கலாம். அழகான குவிதலைப் பார்த்து மகிழும் முன் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

சமவெளியின் மேற்குப் பகுதியில், மௌண்டன் ஹோம் விமானப்படைத் தளத்தில் போட்ட துளை 1,821 மீட்டர். 1,745 மீட்டரில் விரிசல் ஒன்றிலிருந்து சூடான நீர் தானாகவே மேலேறி வெளியே பாய்ந்தது. அந்த ஆழத்தில் சூடு 150 டிகிரியை ஒட்டி மதிப்பிடப்பட்டது. தரையின் மேல் வெந்நீர் ஊற்று எதுவும் இல்லாத இடம் அது.

மதிப்பீட்டில் எதை எழுதுவேன்

இந்த வகைக் களத்துக்கு வெப்பநிலையை ஒற்றை எண்ணாக எழுத மாட்டேன். மேலே போட்ட கணக்கில் என்றால் '155 முதல் 160 டிகிரி, சூடான பங்கு 15 முதல் 20 சதவீதம், குளிர்நீரின் மெக்னீசியம் உறுதியாகும் வரை' என்று நிபந்தனையோடு எழுதுவேன். 150 டிகிரியை ஒட்டிய நீருக்கு நீராவிச் சுழலி பொருந்தாது. குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் திரவத்தைச் சுழற்றும் இருசுற்று நிலையம்தான் பொருந்தும். அதனால் இந்த வரம்பே பொறியாளருக்குப் போதும்.

அதே சிலிக்கா எண் இன்னொன்றையும் தருகிறது. 147 மில்லிகிராம் சிலிக்கா உள்ள நீரை 38 டிகிரிக்குக் கீழே குளிரவிட்டால்தான் குழாய்களில் சிலிக்கா படிய ஆரம்பிக்கும். வெப்பத்தை எடுத்தபின் 70 டிகிரியில் திரும்பச் செலுத்தினால் அந்தத் தொல்லை இல்லை. கால்சைட் படிவு வேறு விஷயம். கார்பன் டை ஆக்சைடு பிரியாதபடி நீரை அழுத்தத்திலேயே வைத்திருக்க வேண்டும்.

துளைக்குப் பணம் ஒதுக்கும் முன் நான் கேட்கும் செலவு சிறியது. கோடைப் பாசனம் ஓடும்போது எடுத்த சாம்பிள்களை, பம்புகள் நின்று சில மாதம் ஆன குளிர்காலத்தில் அதே கிணறுகளிலிருந்து மறுபடி எடுக்க வேண்டும். நைட்ரேட் இறங்கி, ஃப்ளோரைடு ஏறி, மெக்னீசியம் குறைந்தால் சூடான நீர் கிணற்றுக்கு அருகிலேயே மேலேறுகிறது. எதுவும் மாறாவிட்டால் கலப்பு எங்கோ தூரத்தில் நடந்து முடிந்திருக்கிறது. அப்போது துளைக்கான இடத்தை அந்தக் கிணற்றடியில் குறிக்காமல், நீரோட்டத்தின் எதிர்த்திசையில் அடுத்த வரிசைக் கிணறுகளுக்குப் பாட்டில்களோடு போக வேண்டும்.